கோழி இறக்கையில் ஒரு கட்டைவிரல்

செப்டம்பர் 17, புதன்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என்னைப் பற்றி எழுதக் கூசினாலும் எழுதுவேன்.

பத்தாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு நானும் லவினாவும் சேர்ந்து செய்கிறோம். தலைப்பு பரிணாமம். பிரபா அக்காவின் பழைய பாடப்புத்தகத்தில் அதற்குப் பாடம் இருக்கிறது, என்னுடையதில் அதை எடுத்துவிட்டார்கள். கோழியின் இறக்கை, ஆட்டின் முன்னங்கால், நம் கை, மூன்றிலும் ஒரே வரிசை. மேலே ஓர் எலும்பு, கீழே இரண்டு, பிறகு சின்னச் சின்னதாக, கடைசியில் விரல்கள். படம் வரைந்து காட்டினால் யார் நம்புவார்கள்? நிஜ எலும்பு வேண்டும்.

அம்மாவிடம் கேட்டேன். "இன்னைக்குத்தான் புரட்டாசி பொறந்திருக்கு, நீ எலும்பு வேக வைக்கணும்ங்கிறியா? கவுச்சி இந்த மாசம் வாசப்படி தாண்டக்கூடாது." ஆவணி முழுக்கத் தலைப்பை யோசித்தே ஓட்டியது என் முட்டாள்தனம்.

செப்டம்பர் 18, வியாழன்

பிரேசர் டவுனில் லவினா வீட்டில் செய்யலாமாம். ஆனால் ஒரு நிபந்தனை. "கழுவுறது, தேய்க்கிறது எல்லாம் செய்றேன். பேசுறது நீதான். எங்களுக்குக் கடவுள் ஆறு நாள்ல எல்லாத்தையும் படைச்சுட்டாரு. குரங்கு கதையெல்லாம் என் வாயில வராது."

செப்டம்பர் 20, சனி

சீ. சீ. சீ.

வெட்டாத ஆட்டுக்கால், நுனி வெட்டாத கோழி இறக்கை. இரண்டு மணி நேரம் வெந்தும் தசைநார் விடவில்லை. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தோம். கொழுப்பு நகக்கண்ணில் ஏறிக்கொண்டது. ஒரு முறை வாந்தி எடுத்தேன். லவினாவின் அம்மா சிரித்தார். "பிரியாணில போட்டா மூக்கைப் பொத்துறீங்களா? படிப்புன்னா மட்டும் பொத்துறீங்களே!"

ஆனால் மருந்துக்கடையில் வாங்கிய பெராக்சைடில் ஊறவைத்து எடுத்ததும் வெள்ளை வெளேரென்று வந்தன. கோழி இறக்கையின் ஓரத்தில் குட்டியாக ஒரு கட்டைவிரல்! இத்தனை வருஷம் அதையும் சேர்த்துத்தான் கடித்துத் துப்பியிருக்கிறேன். ஆட்டுக்காலில் கீழ் எலும்புகள் இரண்டும் ஒட்டி ஒன்றாகியிருக்கின்றன. ஒட்டிய கோட்டை நகத்தால் தடவினால் தெரிகிறது. ஆட்டுக்கென்று புதிதாகச் செய்தால் ஒன்றாகவே செய்யலாமே, இரண்டை எதற்கு ஒட்டவேண்டும்?

"அது கடவுள் இஷ்டம்," என்றாள் லவினா. ஆனாலும் கோழியின் விரல்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

செப்டம்பர் 22, திங்கள்

எங்கள் அறிவியல் ஆசிரியை பாகீரதி மிஸ் எங்கள் எலும்புப் பெட்டியைத் திறந்த வேகத்தில் மூடினார். "அய்யய்யோ, பேடம்மா, பேடா, வேண்டாம்! ஹால்ல சரஸ்வதி படம் வெச்சு விளக்கு ஏத்துறோம். அங்க நான்-வெஜ்ஜா?"

காய்ந்த எலும்பு, மிஸ். சோப்பு வாசனைதான் வருகிறது. இதை நான் மனதுக்குள்தான் சொன்னேன்.

பள்ளிச் செயலாளர் கஸ்தூரிரங்கன் சார் ஒரு வழி சொன்னார். தசாவதாரச் சார்ட். மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன். "உன் எவல்யூஷன் இதுதானேம்மா? நம்ம பெரியவங்க எப்பவோ சொல்லிட்டாங்க. இதுக்குத்தான் பரிசு. மாநிலக் கண்காட்சிக்கும் நீயே போகலாம்."

எனக்குப் பெருமாளைப் பிடிக்கும். புரட்டாசி சனிக்கிழமை மாவிளக்கு இன்னும் பிடிக்கும். அவரைக் கொண்டுவந்து எலும்புக்குப் பதில் ஏன் சாட்சி சொல்ல வைக்கிறார்கள்? மீனும் ஆமையும் வரிசையாக வந்துவிட்டால் ஆதாரம் ஆகிவிடுமா?

நான் சொன்னது: "சரி சார்."

மாநிலக் கண்காட்சி என்றதும் சொல்லிவிட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

செப்டம்பர் 24, புதன்

தசாவதாரப் பேச்சை மனப்பாடம் செய்துவிட்டேன். வாயெல்லாம் கசக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

கண்காட்சியின் முதல் நாள். நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி: "மீனுக்கு அப்புறம் மத்ததெல்லாம் வந்துச்சுன்னு சொல்றியே, ஆதாரம் என்னம்மா?"

எனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியும்! "புராணத்துல இருக்கு மேடம்," என்றேன்.

பின்னால் நின்ற லவினா பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "மேடம், எவல்யூஷனை நான் நம்பல. எங்க சர்ச்ல வேற மாதிரி சொல்வாங்க. ஆனா கோழிக்குக் கட்டைவிரல் இருக்கு. நானே கழுவினேன். இருக்கறதை எப்படி மேடம் இல்லன்னு மறைக்கிறது?"

பாகீரதி மிஸ் அவளையும் பெட்டியையும் ஹாலுக்கு வெளியே அனுப்பினார். நான் குச்சியால் வாமனனைக் காட்டியபடி அப்படியே நின்றேன். சார் என் தோளில் தட்டி, "சமத்து," என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன். அம்மா, "என்னடி ஆச்சு?" என்றாள். தலை அரிக்கிறது என்றேன். அதுவும் பொய்.

செப்டம்பர் 26, வெள்ளி

சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் லவினா எலும்புகளைப் பரப்பி வைத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். பதினொரு மணிக்குக் குச்சியைச் சார்ட்டின் கீழே வைத்தேன். "எங்க போறே?" என்றார் சார்.

"வெளிய, சார். எங்க ப்ராஜெக்ட் அங்க இருக்கு."

தசரா விடுமுறை முடிந்ததும் அம்மாவை அழைத்து வரவேண்டுமாம்.

லவினா என்னை முறைத்தாள். "இப்பதான் வர்றியா? ஒருத்தன் 'இது சிக்கன் சிக்ஸ்டிஃபைவா'ன்னு கேக்குறான். நீயே பேசு, எனக்கு இதுக்கு மேல தெரியாது." நேற்றைக்கு மன்னிப்புக் கேட்டேன். "அப்புறம் கேளு, கூட்டம் நிக்குது," என்றாள்.

ஆறாம் வகுப்புக் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு மூக்கை விட்டுவிட்டுத் தங்கள் முழங்கைகளைத் தடவிப் பார்த்தார்கள்.

மாநிலக் கண்காட்சிக்கு ஸ்ரீஹர்ஷாவின் சாண எரிவாயு மாடல் போகிறது. என் சார்ட்டுக்கு நிர்வாகத்தின் சிறப்புப் பரிசு. மைக்கில் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். ஒரு சின்னப் பெண் ஆட்டெலும்பின் ஒட்டுக்கோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். மூன்றாம் முறை கூப்பிடவில்லை.

நாலரைக்கு ஹால் விளக்குகளை அணைத்தார்கள். எங்கள் பெஞ்சில் இன்னும் வெயில் இருந்தது.