பெஸ்ராவா, வல்லூறா?

ஜோகுபாளையம்,
பெங்களூரு.
ஜனவரி 18

அன்புள்ள மமதா அக்காவுக்கு,

வைஷ்ணவி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மெல்போர்னில் வெயில் கொளுத்துகிறதாமே, ரித்விக்கை மத்தியானத்தில் வெளியே விடாதீர்கள். போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நவம்பர் கடைசியில் எங்கள் அபார்ட்மெண்ட் கண்ணாடியில் மோதி, புறா அளவில் ஒரு பறவை விழுந்தது. இறக்கையில் அடி. காயம்பட்ட பறவைகளை உங்கள் தம்பி கவின்தானே பார்க்கிறார் என்று அட்டைப்பெட்டியில் வைத்து அவரிடமே கொடுத்தேன். திறந்து பார்த்தவர் முகம் மாறியது. பறவைக்குத் தொண்டை நடுவே மைக்கோடு மாதிரி கருப்புப் பட்டை, குச்சிக் கால், நீள விரல். இது பெஸ்ரா, மலைக்காட்டு வேட்டைப் பறவை, ஊருக்குள் வருவதே அபூர்வம், யாரிடமும் சொல்லாதே என்றார். நான் அப்போதே போட்டோ எடுத்திருந்தேன்.

போன ஞாயிறு ஏரிக்கரையில் அதைப் பறக்கவிட என்னையும் கூப்பிட்டார். பெட்டியிலிருந்து வந்தது வல்லூறு அக்கா! தினம் நம் தென்னை மரங்களில் கத்துமே, அந்த ஷிக்ராதான். தொண்டையில் இருந்தும் இல்லாதது போல மெல்லிய கோடு, குட்டை விரல். இரண்டும் தூரத்தில் ஒன்றுபோல இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் நின்றது இரண்டடி தள்ளி.

கேட்டேன். நீ கொடுத்ததே வல்லூறுதான், பதற்றத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்று சிரித்தார். போட்டோவைக் காட்டினேன். வெளிச்சக் கோளாறு என்றார்.

செத்துப்போயிருக்கும், என் மனசு கஷ்டப்படுமே என்று மறைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்று அவருடைய பறவை மீட்புக் குழுவின் பதிவேட்டைப் பார்த்தேன். நான் கொண்டுபோன அன்றைக்கே, அவர் கையெழுத்தில், வல்லூறு என்று எழுதியிருக்கிறது. அன்று அது உயிரோடுதான் இருந்தது. பெஸ்ராவை வேட்டைக்குப் பழக்க விலை கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு என்று எனக்குச் சொன்னதும் அவர்தான்.

எனக்கும் கவினுக்குமான கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மண்டபத்தில் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களிடம் அவர் பொய் சொன்னதில்லை என்பீர்கள். கோபப்படாமல், அந்தப் பறவை எங்கே என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னார் என்பதோடு, சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளும்,
வைஷ்ணவி