சிப்பாய்ப் பாடத்தில் ஏழாம் வரி

ஒட்டுசுட்டான்
16.05.1960

அன்புள்ள அண்ணா,

அப்பாவைக் கள்ளத்தோணி என்று பிடித்தது சிப்பாய்களுக்கு நீங்கள் எழுதிய பாடம். கலங்கவேண்டாம், அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். சுகமாக இருக்கிறார். இதை நான் எழுதும்போது குசினிக்குள் இருந்து இரண்டாம்முறை சோறு கேட்கிறார். நேற்றுப் பச்சைத் தண்ணீரும் குடிக்காத அம்மா இன்று சிரிக்கிறார்.

அம்மன் கோயில் விளக்குக்குக் கடல்நீர் எடுக்கும் முறை இவ்வருடம் அப்பாவுக்கு வந்தது. முல்லைத்தீவுக் கரையில் குடத்தை நிரப்பித் தன் வாயைத் துணியால் கட்டினால், கோயிலில் இறக்கும்வரை பேசக்கூடாது என்பது நீங்கள் அறிந்ததுதான். இந்தியாவிலிருந்து களவாய் ஆள் ஏற்றிவரும் தோணிகளைத் தேடிக் காவல் வந்த சிப்பாய்கள் வழியில் மறித்துப் பெயர் கேட்டார்கள். ஈர வேட்டி, கட்டிய வாய், பதில் இல்லை. ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். முகாமில் குடத்தை மடியில் வைத்தபடி பகல் முழுதும் இருந்திருக்கிறார்.

மீன் வியாபாரி ஜெமீல் நானா கேள்விப்பட்டுச் சைக்கிளில் போனார். ஓர் இளம் சிப்பாய் அரைகுறைத் தமிழில் அவரிடம் சொன்னானாம்: "எங்களுக்குப் படிப்பிச்சது. பதில் சொல்லாதவன் ஒளிக்கிறவன்."

"பழைய பாடம் சப்பாத்து மினுக்கத்தான் சொன்னது, நான் நல்லொழுக்கத்தையும் குடியியலையும் புதிதாக எழுதியிருக்கிறேன்" என்று பெருமையோடு பிரதி அனுப்பினீர்களே. அதில் ஏழாம் வரி அது.

ஜெமீல் நானா அதிகாரியிடம், "அவர் வாய் திறக்கமாட்டார் ஐயா, ஒரு பேனையைக் குடுங்கோ" என்றாராம். அப்பா தன் பெயரையும் ஊரையும் எழுதினார். அவ்வளவுதான், விட்டுவிட்டார்கள். அதிகாரி மன்னிப்புக் கேட்டு ஜீப்பில் அனுப்பப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டிவிட்டுப் பதின்மூன்று மைல்கட்டையும் கோயிலுக்கு நடந்தே வந்தார். அந்தக் கடல்நீரில் விளக்கு எரிந்தது.

மகன் பட்டாளத்தில் சார்ஜன்ட், சிப்பாய்களுக்கு வாத்தியார் என்றும் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"மகன் இல்லாதவனெண்டா பிடிச்சு வைக்கலாமோ பிள்ளை?" என்றார்.

உங்களுக்கு இதை எழுதவேண்டாம், வேலையில் மனம் குழம்பும் என்றும் சொன்னார். அவருக்குக் கோபமில்லை. எனக்கு நிம்மதி வந்துவிட்டது, கோபம் போகவில்லை. வருகிற வருடம் குடம் எடுக்கப்போகிறவர் வீரகத்தி மாமா. அவருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது.

அம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். அந்த வரியை வெட்டிவிட்டேன் என்று ஒரு தபாலட்டை போடுங்கள்.

உங்கள் தங்கை
நேசமலர்