மீட்டர் காட்டாத தூரம்

குத்தம்பாக்கம்,
9.12.1993

அன்புள்ள ஜேம்ஸுக்கு,

சித்தி எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று உன் கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டேன், மாதாவுக்கு நன்றி சொன்னேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அதற்குமேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அன்று போனில் சகாயமேரிக்குக் குழந்தை தங்கவில்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள், மணி ஓடிக்கொண்டிருந்தது, நீ அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டாய். எப்படி நடந்தது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லியாக வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, அறையில் யாரும் இல்லாதபோது இதைப் படி.

அப்பா மூன்று வாரமாக ஜீப்பைத் தொடவில்லை. எஸ்டேட் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இப்போது திருமழிசை வரை நடந்தே போகிறார்கள். பெற்ற மகள் சகாயம் அவரோடு பேசுவதில்லை. தட்டை எடுத்து அவர் முன்னால் வைக்கிறாள், போய்விடுகிறாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பா ஏதோ வேலை இருப்பதுபோல ஏரிக்கரைப் பக்கம் போய்விடுகிறார். வண்டி ஓடாமல் கிடப்பது பற்றி எனக்குக் கவலையில்லை. "என் கணக்குதான் அந்தக் கொயந்தய சாவடிச்சிது" என்று அவர் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அதை அப்படியே நம்பிக்கொண்டு அவர் மீதி நாளைக் கழித்துவிடுவாரோ என்பதுதான் என் பயம்.

ஆகஸ்டில் நீ லீவில் வந்தபோது போட்டுவிட்டுப் போனாயே, அந்த டயரிலிருந்து தொடங்குகிறேன். அங்கே பாலைவனத்தில் நீங்கள் ஓட்டுகிற வண்டிகளைப் பார்த்துவிட்டு, அப்பாவின் ஜீப்புக்கும் அதுமாதிரி கட்டை கட்டையாக மேடு வைத்த பெரிய பட்டன் டயர் போட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். மிலிட்டரி ஏலத்தில் எடுத்தவரிடம் தேடிப்பிடித்து வாங்கி வந்தாய். மழை பிடித்ததும் அதன் அருமை தெரிந்தது, பொய் சொல்லவில்லை. நம் தெருவில் மாட்டுவண்டி அச்சுவரை இறங்கி நின்ற நாளில் அப்பா சேற்றை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போனார். ஆனால் அவர் ஓட்டுவதில் முக்கால்வாசி தார் ரோடு. அங்கே அது வேறு வண்டியாகிவிட்டது. ரோட்டில் ஏறியதும் ஒரு ஊளைச் சத்தம், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். ஷிப்டுக்குப் போகிற நாகம்மா ஒருநாள், "இன்னா அண்ணாத்தே, ஏரோப்ளேன வாங்கிக்கினு வந்துட்டியா, எப்போ மேல தூக்குவே?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்களாம். அப்பாவும் சிரித்துக்கொண்டு, "எம்புள்ள போட்டது, நீ கம்முனு குந்து" என்றாராம். ஸ்டியரிங் கனத்துப்போனதால் சாயங்காலம் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்வார். ஈரத் தார் ரோட்டில் பிரேக் போட்டால் வண்டி ஒரு முழம் வழுக்கித்தான் நிற்கும், அதனால் முன்னால் போகிற பஸ்ஸுக்கு இரண்டு பங்கு இடம் விட்டு ஓட்டினார். டீசலும் இழுத்தது. இதில் ஒன்றையும் உனக்கு எழுத விடவில்லை. "வண்டி ராஜா மாதிரி போவுதுன்னு எய்து, அவன் ஆசையா போட்டது" என்றார். நானும் அப்படியே எழுதினேன். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி நீ இரண்டு கடிதத்தில் கேட்டிருந்தாய்.

நம் ஜீப்பில் டீசல் முள் வேலை செய்யாது, உனக்குத் தெரியும். பத்து லிட்டர் போட்டால் மீட்டர் நூறு ஓடும் வரை கவலையில்லை, நூறு ஆனதும் பங்க் என்பதுதான் அப்பாவின் கணக்கு. எத்தனையோ வருஷமாக ஒருநாளும் தப்பியதில்லை. புது டயர் அதிகம் குடிக்கிறது என்று முதல் வாரமே கண்டுபிடித்து, நூறை எண்பதாகக் குறைத்துக்கொண்டார். அதுவே தாராளம் என்று நினைத்தார். மழை பிடிக்கும் வரை எண்பதுக்குள் ஒருநாளும் வண்டி நின்றுபோனதில்லை.

நவம்பர் பதினேழாம் தேதி புதன்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு சகாயத்துக்கு வலி எடுத்தது. விடாத மழை. அப்பா அந்தச் சேற்றில் அவளைக் குலுக்காமல் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அதற்கு அந்த டயருக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். அங்கே நர்ஸ் குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, குழந்தைக்குத் துடிப்பு குறைகிறது, காத்திருக்காமல் உடனே டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். பூந்தமல்லியைத் தாண்டும் முன்னால் பங்க் வந்தது. அப்பா வேகத்தைக் குறைத்தார், திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பங்க்கில் இரண்டு லாரி நின்றிருந்தது. சகாயம் என் கையைப் பிடித்துக்கொண்டு "ஐயோ சித்தி" என்று கத்தினாள். நான், நிற்க வேண்டாம், போங்கள் என்றேன். அவர் மீட்டரைப் பார்த்து, "எயுபத்திநாலுதான் ஆயிருக்கு, போயிடலாம்" என்று மிதித்தார்.

காட்டுப்பாக்கம் வந்ததும் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அப்பா இறங்கி ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். ஒரு லாரிக்காரர் டாங்கிலிருந்து இழுத்துக் கொடுத்தார். ஆனால் டீசல் வண்டி காலியாகி நின்றால் ஊற்றியதும் கிளம்பாது, டீசல் வருகிற டியூபில் ஏறிய காற்றை எடுக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழையில் அவர் கையிலிருந்த ஸ்பேனர் நட்டில் உட்காரவில்லை. நான் ரோட்டின் நடுவில் நின்று கையை விரித்தேன். கடைசியில் ஒரு பால் வேன் நின்றது, அதில் ஏற்றிக்கொண்டு போனோம். முக்கால் மணி நேரம் போய்விட்டது. பெண் குழந்தை. நல்ல நிறம், தலை நிறைய முடி. முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று நான் டாக்டரம்மாவைத் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மறுநாள் கல்லறைக்கு அப்பா யாரிடமும் கொடுக்காமல் அவரே தூக்கிக்கொண்டு நடந்து போனார்.

நிற்க வேண்டாம் என்று சொன்னவள் நான் என்று சகாயத்திடம் சொன்னேன். "நீ பயத்துல சொன்னே. அவருக்கு வண்டி தெரியும்" என்கிறாள். அப்பாவிடமும் சொன்னேன். "நீ என்ன சொன்னா இன்னா, டாங்க்ல இருந்திருந்தா போயிருக்கும். எனக்கு வயசாயிடுச்சி ஜெயா, கணக்கு நிக்கல" என்றார். எண்பதுகூட ஆகாமல் ஏன் நின்றது என்று அப்போது எனக்கும் புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை புரிந்தது. டயரைக் கழற்றிப் பழையதைப் போட்டுத் தர முடியுமா என்று கேட்கப் பூந்தமல்லியில் ஜம்புலிங்கம் மெக்கானிக்கைப் பார்க்கப் போயிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "எயுபத்திநாலா? அது மீட்டரு சொல்றதுமா. டயரு ஒசரம், ஒரு சுத்துக்கு ஜாஸ்தி தூரம் போவும். மீட்டரு நூறுன்னா வண்டி நூத்தியெட்டு ஓடிகீதுன்னு அர்த்தம். அத்த சேத்துத்தானே அண்ணாத்தே கணக்கு போட்டாரு?" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "தம்பிகிட்ட அன்னிக்கே சொன்னனே, கடைசி வீலு முடுக்கும்போது. நைனாகிட்ட சொல்லிடுப்பா, மறந்துடாதேன்னேன். ஊட்ல போய் சொல்லிடறேன்னு சிரிச்சிகினே போச்சே" என்றார்.

அன்று சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறுநாள் உனக்கு பிளைட். நீ ஹாரன் அடித்துக்கொண்டே தெருவில் நுழைந்தாய், அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். விடைபெற ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், பெட்டிக்குப் பூட்டு கிடைக்கவில்லை, ஊறுகாய் ஜாடி கசிந்தது. அந்தக் களேபரத்தில் எதுதான் மறக்காது? ஜேம்ஸ், எண்பது என்று காட்டும்போது வண்டி எண்பத்தாறு ஓடியிருக்கிறது. சேற்றில் உறுமிக்கொண்டு குடித்த டீசல் வேறு. அவர் தாராளமாக ஒதுக்கி வைத்ததாக நினைத்ததை அந்த மீட்டர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் கணக்கு தப்பவில்லை. அவருக்கு ஒரு எண்ணைச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜம்புலிங்கத்திடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உனக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பெற்றவளாக இருந்தால் திட்டி, அழுது, அணைத்து முடித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியாமலே பதிமூன்று வருஷம் போய்விட்டது. இதையும் திட்டாக எடுத்துக்கொள்ளாதே. நீ ஆசையில் செய்தாய், அவசரத்தில் மறந்தாய். ஆனால் என் பங்கை நான் சொல்லிவிட்டேன், அது அவர் பாரத்தில் ஒரு கைப்பிடிகூடக் குறைக்கவில்லை. உன் பங்கை நீ அவருக்கு எழுதினால் குறையும். அது உனக்கு வலிக்கும், அவர் உன்னைத் தேற்றத்தான் பார்ப்பார். உன்னைத் தேற்றுவதற்காகவாவது அவர் வாயைத் திறப்பார். பிறகு சகாயத்துக்கு அவரே சொல்வாரா, நான் சொல்ல வேண்டுமா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மற்றபடி உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதே, ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே. கிறிஸ்துமஸுக்கு இந்த வருஷம் இங்கே பலகாரம் இல்லை, ஸ்டார் கட்டவில்லை. நீ அங்கே நண்பர்களோடு பூசைக்குப் போ, பாப்பாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும்.

ஒன்று மறக்காதே. உன் கடிதங்களை நான்தான் பிரித்து எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன். இந்த முறை உறையின் மேல் அப்பா பெயரை மட்டும் எழுது. பிரிக்காமல் அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். நீ எழுதாமல் இருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன், அவரிடம் நானாகச் சொல்லவும் மாட்டேன். தபால்காரர் பதினொரு மணிக்கு வருகிறார். வாசலில் நின்றிருப்பேன்.

அன்புடன்,
உன் சித்தி
செ. ஜெயகுமாரி