நான் ஊற்றிய தண்ணீர்

அமலியின் வெள்ளை கவுன் என் வீட்டுக் கொடியில் தொங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் புதுநன்மை வாங்கியபோது உடுத்தியது. துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்த நான், இன்னும் தண்ணீரில் நனைக்கவில்லை. மெழுகுவர்த்தியும் சாம்பிராணியும் கலந்த வாசம் அதில் அப்படியே இருக்கிறது. உன் மகளின் முதல் நற்கருணையைப் பார்க்க நீ இல்லை. அதனால் உனக்குச் சொல்ல உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, எனக்கே விளங்காதவைதான் முன்னால் வந்து நிற்கின்றன.

வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் அடுத்தடுத்து நின்றவர்கள் நாம். சாப்பிடும் முன் நீ சிலுவை போடுவாய். நான் நெற்றித் திருநீற்றோடு உன் மீன்குழம்பில் பங்கு கேட்பேன். அதற்குமேல் சாமியைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை.

அந்த மழைக்கால மதியத்தில் உனக்கு மாதம் நிறையாமலே வலி வந்தது. உன் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே இருந்தார். ஆஸ்பத்திரியில் உன்னோடு நான்தான் இருந்தேன். பிள்ளை மூச்சுக்குத் திணறியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள். ஞானஸ்நானம் கொடுக்க வரச்சொல்லிப் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டேன். ஆறு பெருகி, அம்பாசமுத்திரம் பக்கம் வழியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ ஊத்துட்டி," என்றாய்.

"நானா? திருநீறு பூசுதவ, நான் வேதக்காரியா?"

"அவசரத்துக்கு யாரும் ஊத்தலாம்ட்டி. நான் சொல்லுதேன், நீ சொல்லு. பிள்ளை பேரு அமலி."

நர்ஸ் என்னை உள்ளே விட்டாள். தண்ணீர் பாட்டிலின் மூடியில் கொஞ்சம் எடுத்து அந்தச் சின்னத் தலையில் விட்டேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே என்று நீ சொல்லித்தந்தபடியே சொன்னேன். பிள்ளை அழவில்லை. முகத்தை மட்டும் சுளித்தது.

பிழைத்துக்கொண்டாள். தண்ணீர்தான் காப்பாற்றியது என்றாய் நீ. டாக்டர் என்றேன் நான். பிறகு கோயிலில் எண்ணெய் பூசி மற்றச் சடங்குகளைச் செய்தார்கள். தண்ணீர் மட்டும் மறுபடி ஊற்றவில்லை. "இவங்க ஊத்துனது செல்லும். ஞானஸ்நானம் ஒரு தடவைதாம்மா," என்றார் சாமியார். ஆனால் ஞானத்தாயாக உன் நாத்தனார் நின்றாள். வேதத்தில் சேராத நான் நிற்க முடியாதாம். கொடுக்கலாம், பக்கத்தில் நிற்கக்கூடாது. அன்று நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ போய்ச்சேர்ந்து இரண்டாவது மழைக்காலமும் முடிந்துவிட்டது. அமலிக்கு இப்போது எல்லாம் தெரியும். புதுநன்மைப் பூசைக்கு முந்தின வாரம், தலை பின்னிவிடும்போது கேட்டாள்.

"சித்தி, நீங்க ஏசுவை நம்புதீங்களா?"

"தெரியலையே தாயி."

"அப்போ எப்படி எனக்கு ஊத்துனீங்க?"

"உங்கம்மா சொன்னா, ஊத்துனேன்."

பூசை நாளன்று இதைச் சாமியாரிடமே கேட்டேன். திருச்சபை நினைப்பதை நானும் நினைத்துச் செய்திருந்தால் போதும் என்றார். சபை என்ன நினைக்கிறது என்று அன்று எனக்கு எங்கே தெரியும்? நீ நினைத்ததைச் செய்ய நினைத்தேன். இரண்டும் ஒன்றுதானா? உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ இருந்தவரை கேட்கத் தோன்றவில்லை.

நற்கருணைக்கு எல்லோரும் வரிசையில் எழுந்து போக, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அமலி வாங்கிக்கொண்டு, கைகூப்பியபடி திரும்பி வந்தாள். மற்றப் பிள்ளைகளோடு முன்னால் உட்கார வேண்டியவள், நேரே என்னிடம் வந்து மடியில் தலை வைத்துக்கொண்டாள். வாயில் அப்பம் கரையும்வரை பேசக்கூடாதாம். அவள் தலையில் கை வைத்தேன். அது ஆசீர்வாதமா, வெறும் பழக்கமா, எனக்குத் தெரியவில்லை. எடுக்க மனம் வராமல் பூசை முடியும்வரை அப்படியே வைத்திருந்தேன்.