பாதி பானெட்

வியாழக்கிழமை, இரவு.

என் மகள் பெரியவளான சீரில், அத்தனை பேர் முன்னால் "எங்க மாப்ள காரு தொடைக்கறாருங்க" என்று சிரித்த மச்சான், இன்று தன் கறுப்புக் காரோடு என் கார் பாலிஷ் பட்டறைக்கு வந்தார். வெள்ளிதோறும் பானெட்டில் விபூதி பூசி, காய்ந்த துணியால் துடைக்கிறார். பெயிண்ட் கல் மாதிரி கெட்டி. அதிலும் வட்டவட்டமாகக் கீறல். நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் மெஷினில் தேய்த்தேன். டார்ச் அடித்துக் காட்டினேன். ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் சிலந்திவலை.

"மீதி எப்பங்க மாப்ள? ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்குப் போகோணும்."

"காரு தொடைக்கறவனுக்கு நேரமில்லீங்க மச்சான்."

முகம் செத்துவிட்டது. கீறல் எதனால் விழுகிறது என்று கேட்டார். தெரிந்தும் தெரியாது என்றேன். என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, அவர் அவளுடைய அண்ணன்.

தேய்த்த பாதி பளபளக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை.