பதினோரு கையெழுத்து

காக்ஸ் டவுன், பெங்களூரு
ஆகஸ்ட் 11

அன்பு மகள் பிரிஸிக்கு,

கர்த்தருடைய கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகம், அங்கே உன்னையும் அவர் சுகமாகக் காக்கட்டும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அதற்குக் காரணம் நீதான். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். நீ கேட்ட சம்மதப் படிவங்களைக் கூரியரில் அனுப்பத்தானே வேண்டும், அதோடு இதையும் வைக்கிறேன். உன் அக்கவுண்டிங் புத்தகத்தைப் படிக்கிற மாதிரி ஒரு வரி விடாமல் படி. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் ஆட்டோக்காரன் மீட்டர் போடவில்லை என்று ரோஷப்பட்டுச் சர்ச்சுக்கு நடந்தே போகிறார், வந்து தைலம் தேய்க்கிறது நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை நாலு மணிக்கு நம் வீட்டில் சீட்டு. பதினெட்டு வருடமாக நான் நடத்துகிற மாதிரியே என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து, மேலே சிலுவையும் பக்கத்தில் கோமளம் போட்ட பிள்ளையார் சுழியும் இருக்கிற அதே நோட்டில் வரவு எழுதி, யூனிஸ் ஜெபம் பண்ணி, பெயர்களை டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். கோமளம் பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு நான்தான் பெருமை தாங்காமல், நம்ம பிரிஸி நம்ம சீட்டைப் பற்றித்தான் யுனிவர்சிட்டியில் ஆய்வு எழுதியிருக்கிறாள், எல்லோரும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லி, பஜ்ஜியும் காபியும் வைத்தேன். எழுதியதைப் படித்துக் காட்டின பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று உன் படிவத்திலேயே இருக்கிறதே, அதனால் இங்கே பி.காம். படிக்கிற கோமளத்தின் மகள் வைஷ்ணவியை உட்கார வைத்து, நீ அனுப்பியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். முன்னாலேயே நான் ஒரு தடவை படித்துப் பார்த்திருக்க வேண்டும். பெற்ற மகள் எழுதியதை என்னத்தைச் சோதித்துப் பார்ப்பது என்று விட்டுவிட்டேன்.

முதல் பக்கங்கள் நன்றாகத்தான் போயின. பதிவு செய்யாத சீட்டு என்று நீ எழுதியதைக் கேட்டு, ஏன் மௌரீன், போலீஸு கீலீஸு வருமா, உன் பொண்ணு லண்டன்ல போயி நம்மளயே புடிச்சிக் குடுக்குறாளா என்று கோமளம் கேட்க எல்லோரும் சிரித்தார்கள், லீட்ஸ் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு அது லண்டன்தான். பதினாலாம் பக்கத்தில் வந்தது பார். போன வருடம் ஜூன் மாதக் குலுக்கலில் விழுந்த பெயரை அடித்துவிட்டு, சீட்டு நடத்துபவர் எந்த ஆவணமும் இல்லாமல் பணத்தைத் தானே எடுத்துக்கொண்டார், அந்த உறுப்பினருக்கு நவம்பரில்தான் பணம் கிடைத்தது, நிதி அறிவு குறைந்தவர் என்பதால் தனக்கு நேர்ந்த நஷ்டம்கூட அவருக்குப் புரியவில்லை. இதைத்தானே எழுதியிருக்கிறாய்? உறுப்பினர் ஏழு என்று நம்பர் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாயோ? ஜூனில் விழுந்தது யூனிஸ் பெயர் என்று அங்கே யாருக்குத் தெரியாது? நீ எல்.கே.ஜி. போன யூனிஃபார்மிலிருந்து எல்லாம் தைத்துக் கொடுத்த யூனிஸ் ஆன்ட்டி, எனக்கு நேர் எதிரில் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வாயில் வைக்கவில்லை. வைஷ்ணவிக்குச் சொல்லச் சொல்லக் குரல் இறங்கிவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நோட்டை ஒரு பக்கம் விடாமல் போட்டோ எடுத்தாயே, ஏன் இந்தப் பெயர் அடித்திருக்கிறது அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? சொந்த அம்மா என்று சலுகை காட்டக் கூடாது என்று உன் டீச்சர் சொன்னாராம். வேண்டாம், எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம். ஆனால் ஆடிட் பண்ணுகிறவர்கள் கேள்வி கேட்க மாட்டார்களா? நான்கு தெரு தள்ளி இருக்கிறவளிடம் கேட்காமல், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து அவளுக்கு அறிவு குறைவு என்று எழுத உனக்கு எப்படியம்மா கை வந்தது?

இப்போது கேள். போன வருடம் ஜூன் மாதம், பத்து நாளில் டெபாசிட் கட்டாவிட்டால் யுனிவர்சிட்டியில் இடம் போய்விடும் என்று நீ நம் ஹாலில் உட்கார்ந்து அழுதாய், பாங்க் லோன் இதோ அதோ என்று இழுத்தடித்தது. அப்பாவின் பாலிசி முதிர்ந்தது, கட்டிவிட்டோம் என்று நான் சொன்னேன். அது பொய். அந்தப் பொய்க்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நம் சீட்டில் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு, பெயர் விழுந்தவள் தன் முறையை இன்னொருத்திக்கு விட்டுக் கொடுக்கலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நானாகப் பணம் கேட்கவில்லை பிரிஸி, சத்தியமாகக் கேட்கவில்லை. மழைக்கு முன்னால் வீட்டு ஷீட் கூரையை மாற்ற ஆள் பேசி வைத்திருந்த யூனிஸ், அவளாகவே தன் பெயரை அடித்து என் பெயரை எழுதச் சொல்லி, பணத்தை என் கையில் திணித்து, பொண்ணுகிட்ட சொல்லாத மௌரீன், படிக்கப் போற புள்ள, மனசுல பாரம் எதுக்கு என்றாள். நவம்பரில் என் பெயர் விழுந்ததும் அவளுக்குக் கொடுத்தேன். நடுவில் மழைக்காலம் முழுக்க வீடு ஒழுகியது. தன் ரெயின்கோட்டைத் தையல் மிஷினுக்குப் போர்த்திவிட்டு அவள் நனைந்தாள், ஈரமான ரவிக்கைத் துணியைப் பார்த்து நாலு வாடிக்கை போய்விட்டது. நஷ்டம் புரியவில்லையாம்! யார் எந்த மாதம் எடுத்தார்கள் என்று நோட்டைப் பார்க்காமல் சொல்லுகிறவள் அவள். எல்லாம் தெரிந்துதான் கொடுத்தாள்.

படித்து முடித்ததும் கோமளம், ஏறின ஏணிய எட்டி உதைக்கிறாளே உன் பொண்ணு, நாங்க ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று எழுந்துவிட்டாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. யூனிஸ்தான் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எங்கம்மா போடணும், காட்டு என்று வைஷ்ணவியிடம் கேட்டாள். இருபத்தெட்டாம் தேதிக்குள்ள குடுக்கணும்ல, புள்ளைக்கு நேரமாச்சு என்றாள். முதல் கையெழுத்து அவளுடையது. அவள் போட்ட பிறகு மற்றவர்கள் என்ன பேச முடியும், ஒவ்வொருத்தராகப் போட்டார்கள். அன்றைக்கே நீ பிள்ளையிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இது வருமா என்று அப்பா என்னைத்தான் கடிந்துகொண்டார். அவர் சொல்வதும் சரி. அதற்காக என் கோபம் ஒன்றும் குறையவில்லை.

இந்தக் கவரில் பதினோரு படிவம்தான் இருக்கிறது. பன்னிரண்டாவது, என்னுடையது, என் வேதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் யுனிவர்சிட்டியில் வாங்க மாட்டார்கள் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. என்னைப் பற்றி எழுதியதை அப்படியே வைத்துக்கொள், ஆவணம் இல்லைதான். யூனிஸைப் பற்றி எழுதிய வரியை மட்டும் எடு. முதலில் அவளுக்குப் போன் பண்ணு, மன்னிப்புக் கேள், பிறகு ஜூனில் என்ன நடந்தது என்று அவள் வாயாலேயே கேட்டு எழுது. அதை வைஷ்ணவி அவள் முன்னால் படித்துக் காட்டட்டும், அன்றைக்கே நான் போட்டு அனுப்புகிறேன். அதுவரை மாட்டேன், தேதி போனாலும் போகட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வை. குளிர் ஆரம்பித்தால் அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொள். அதற்கு உள்துணி வைத்து யூனிஸ் தைத்தது போன ஆகஸ்டில், ஒழுகாத ஒரே மூலையில் மிஷினைத் தள்ளி வைத்துக்கொண்டு. கர்த்தர் உன் படிப்பையும் கையையும் ஆசீர்வதிக்கட்டும். யூனிஸ் ஆறு மணிக்குத் தையலை முடித்துவிடுவாள், அதற்குப் பிறகு நம் நேரம் பார்த்துப் போன் பண்ணு.

இப்போதைக்கு இந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடுகிற,
உன் அம்மா
மௌரீன்