கதவுப் பட்டையின் பின்பக்கம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம், வலது கைக் கட்டைவிரலைத் தவிர. எழுத்து கோழி கிண்டியது போல இருப்பதற்கு அதுதான் காரணம்.

நேற்று ஃபோனில் நான் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்காமல் சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அப்புறம் அண்ணியைக் கூப்பிட்டு, குட்டியைக் காரின் கதவுப் பக்கமே விடவேண்டாம் என்று சொல்லிவைத்தேன். ஏன் என்று உன்னிடம் ஃபோனில் சொன்னால் நீ குறுக்கே வருவாய், எனக்குக் கோபம் வரும், இரண்டு பேரும் கத்திக்கொள்வோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். உன் கார்க் கதவுகளில் ஒட்டியிருக்கிற, நான் குரோம் முலாம் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பட்டைகள் நான்கையும் கழற்றிவிடு. இந்தக் கடிதம் வந்த அன்றே.

'அது பாறை மாதிரி நிக்குதுடா, நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பே' என்றாய். நிற்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. உரியும் நாள் வரைக்கும் எல்லாக் குரோமும் அப்படித்தான் நிற்கும். எங்கள் கம்பெனி முலாம் தொட்டியில் உன் பட்டைகளோடு அதே வகைப் பட்டையின் உடைந்த துண்டு ஒன்றையும் சேர்த்து முக்கியிருந்தேன். அது என் மேஜையில், ஜன்னல் ஓரத்தில், காகிதம் பறக்காமல் இருக்க வைத்த பாரமாகக் கிடந்தது. வெயில் நேராக விழுகிற இடம். போன வாரம் அதில் கொப்புளம் மாதிரி ஒன்று எழும்பியிருந்தது. நகத்தால் நெம்பினேன். மொத்த உலோகத் தோலும் கழன்று வந்து கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. தையல் போட்ட நர்ஸ் என்ன கத்தி என்று கேட்டார். கார் அலங்காரப் பட்டை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. காய் நறுக்குகிற கத்தி என்று சொல்லிவிட்டேன்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பிளாஸ்டிக்கில் உலோகம் தானாக ஒட்டாது. முதலில் அமிலத் தொட்டியில் முக்க வேண்டும். அமிலம் கடித்துக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அந்தக் குழிகளில்தான் நிக்கல் வேர் பிடிக்கும். அதன்மேல் செம்பு, மறுபடி நிக்கல், கடைசியில் குரோம். எங்கள் தொட்டி ஒரே ஒரு வகைப் பிளாஸ்டிக்கைத்தான் சரியாகக் கடிக்கும். வேறு வகையைப் போட்டால் சும்மா நக்கிவிட்டு விட்டுவிடும். வெளியே எடுக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். வெயிலில் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்கு உலோகம் விரியாது. வேர் பிடிக்காதது அப்போதுதான் பல்லை இளிக்கும். பிரிந்து நிற்கிற ஓரம் பிளேடுதான், வேறொன்றும் இல்லை.

உனக்குக் காரோடு வந்த கறுப்புப் பட்டையே போதுமாகத்தான் இருந்தது. துக்க வீட்டுக்குப் போகிற கார் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் பண்ணிக் கழற்ற வைத்தவன் நான். முடிந்ததும் வாங்கிப் போக நீ எங்கள் கம்பெனி வாசலுக்கு வந்து நின்றாய். குரோம் போட்டதும் ஒரு சோதனை உண்டு. ஓரத்தில் கோடு கீறி, டேப் ஒட்டி, வெடுக்கென்று பிடுங்க வேண்டும். எதுவும் உரியாவிட்டால்தான் வெளியே அனுப்பலாம். இதைச் செய்யாமல் விட்டவனை நிற்க வைத்துத் திட்டுகிற ஆள் நான். அன்று செய்யவில்லை. நீ வெளியே காத்திருக்கிறாய் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். அந்தப் பளபளப்பைப் பார்த்து உன் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்க எனக்குத்தான் பொறுமை இல்லை.

நீ செய்தித்தாளைப் பிரித்து ஒரு பட்டையைத் தூக்கிப் பிடித்தாய். 'இதுல மீசையே வாரலாம் போலிருக்கேடா' என்றாய். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினாய். 'என் தம்பி போட்டது' என்றாய். நானும் வெட்கமில்லாமல் பக்கத்தில் நின்று இளித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அண்ணி ஒன்று சொன்னார்கள். குட்டி காரில் ஏறுவதற்கு முன் பட்டையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலை இழுத்துக்கொண்டே நடப்பாளாம். வளைந்து தெரிகிற தன் மூஞ்சிக்குத் தானே பழிப்புக் காட்டிக்கொள்வாளாம். அண்ணி சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஃபோனை வைத்ததும் இந்தக் கடிதத்தோடு அனுப்ப ஒரு பார்சல் கட்டினேன்.

பார்சலில் கையுறை, அகலமான டேப், நைலான் நூல் வைத்திருக்கிறேன். முதலில் பட்டை முழுக்க டேப் ஒட்டு, சில்லு பறக்காது. அண்ணியின் ஹேர் டிரையரால் பசை இளகும்வரை சூடு காட்டு. நூலைப் பட்டைக்குப் பின்னால் விட்டுப் பசையை அறுத்து எடு. கையுறை போடாமல் வீரம் காட்டாதே. குட்டி வீட்டுக்குள் இருக்கட்டும்.

கழற்றியதும் ஒன்றைத் திருப்பிப் பார். பின்பக்கம் சின்ன எழுத்துகள் அச்சாகியிருக்கும், என்ன வகைப் பிளாஸ்டிக் என்று. 'ஒட்டாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ விடுவியா' என்று நேற்று எனக்காக என்னிடமே பரிந்து பேசினாய். அண்ணா, தொட்டியில் இறக்குவதற்கு முன்பே அதை நான் படித்துவிட்டேன். எங்கள் தொட்டிக்கு ஆகாத வகை. ஒட்டிக்கொள்ளும், பார்த்துக்கொள்ளலாம் என்று இறக்கினேன்.

ஞாபகத்துக்கு என்று ஒன்றையும் எடுத்து வைக்காதே. கெட்டித் துணியில் சுற்றிப் போட்டுவிடு. கதவில் பசைத் தடம் அசிங்கமாகத் தெரியும். நீ வரச் சொன்னால் லீவு போட்டு வந்து நானே தேய்த்து எடுக்கிறேன். தெருவில் யாராவது பட்டை எங்கே என்று கேட்டால், தம்பிதான் கழற்றச் சொன்னான் என்பதோடு நிறுத்திக்கொள்வாய், எனக்குத் தெரியும். ஏன் சொன்னான் என்பதையும் சேர்த்துச் சொல்.

கழற்றிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அதற்கு முன்னால், 'கழட்டிட்டேன்' என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. குட்டியின் பத்து விரலும் எப்போதும் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி